துட்டி கேட்க வந்த வானதீரன்

வானதீரன் ஆகாயத்திலிருந்து கரிசல்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இறங்கிய காலையில், ஊர் முதலில் கவலைப்பட்டது கரண்டுக் கம்பியைப் பற்றித்தான். நீலச் சட்டையும் சிவப்பு இடைவாரும் முதுகுக்குப் பின்னால் படபடவென்று அடிக்கிற மேலங்கியுமாக ஓர் ஆள் மேகத்திலிருந்து கால் நீட்டி இறங்குகிறான் என்றால், "யப்பா, பாத்துப்பா, அந்தத் துணி கம்பியில மாட்டுச்சுன்னா டிரான்ஸ்பார்மரே போயிரும், பெறகு வயர்மேனைத் தேடி எங்க போறது" என்று சைக்கிள் கடைக்காரர் கத்தியதுதான் அவனுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு. அவன் கம்பியில் படாமல்தான் இறங்கினான். இறங்கியும் மண்ணை மிதிக்காமல் ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டான், ஏனென்றால் படத்தில் அவனை அப்படித்தான் வரைவார்கள். யார் நீ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தலைமுறைக் கணக்காக அவன் மூஞ்சியை அச்சடித்து, மடித்து, பின் அடித்து, கட்டுக் கட்டி லாரியில் ஏற்றுகிற ஊரில் அவனுக்கு அறிமுகம் வேறு வேண்டுமாக்கும்?

சிவகாசியை ஒட்டிய கரிசல்பட்டியில் இருக்கிற பிழைப்பு இரண்டே இரண்டு. ஒன்று பட்டாசு, இன்னொன்று அச்சு. வானதீரன் அமெரிக்கக்காரன்; அவன் கதையை அங்கேதான் யோசித்து, அங்கேதான் வரைவார்கள். அதை வாங்கி மாதாமாதம் பவழமணி காமிக்ஸ் என்று தமிழில் போடுகிறவர் சௌந்திரபாண்டி அண்ணாச்சி. அவனுக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கிறவள் அன்னக்கனி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து, புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும், அச்சகத்து மாடியில் ஒரு மேஜையில் உட்கார்ந்து வானதீரனைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒப்பந்தம் கறாரானது. படத்தில் ஒரு கோட்டை மாற்றக்கூடாது, ஒரு நிறத்தை மாற்றக்கூடாது, பலூனுக்குள் இருக்கிற பேச்சை மட்டும் தமிழாக்கிக்கொள்ளலாம்.

இதில் அன்னக்கனிக்கு ஒரு சங்கடம் இருந்தது. வானதீரனின் எதிரிகளில் பாதிப் பேர் வேற்றுக்கிரகத்தார், அவர்களால் தொந்தரவில்லை. மீதிப் பாதிப் பேர் தாடி வைத்து, தலையில் தொப்பியோ துணியோ போட்டு, நம்மூர் வெயிலில் காய்ந்த நிறத்தில், ஏதாவது ஒரு 'ஸ்தான்' நாட்டிலிருந்து குண்டோடு வருகிறவர்கள். அவர்கள் காலரைப் பிடித்துத் தூக்கும்போது வானதீரன் இங்கிலீஷில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, படித்தால் அவளுக்கு வயிறு எரியும். 'உங்கள் கூட்டத்துக்கு முஷ்டியின் பாஷைதான் புரியும்' என்று அவன் சொல்லுகிற இடத்தில் 'அஞ்சாதே சகோதரா, உன்மேல் எனக்குப் பகையில்லை' என்று எழுதிவிடுவாள். படத்தில் பல் தெறிக்கும், பலூனில் அன்பு வழியும். தமிழ் வாசகர்கள் இதை அவனுடைய தனி அழகு என்றே எடுத்துக்கொண்டார்கள். அடிக்கும்போதுகூட என்ன மரியாதையான மனுஷன் பாருங்கள் என்று மதுரையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் எழுதிப் போட்டார்கள். அண்ணாச்சிக்கும் விஷயம் தெரியும், தெரியாதது மாதிரி இருந்துகொண்டார்.

சில வருஷங்களுக்கு முன்னால் வானதீரனின் நாட்டில் வானளாவிய கட்டடங்கள் இடிந்து விழுந்து, கொத்துக் கொத்தாக ஜனம் செத்தபோது, அந்த மாத இதழ் கறுப்பு அட்டையோடு வந்தது. உள்ளே சண்டை கிடையாது. வானதீரன் இடிபாட்டில் மண்டியிட்டு அழுதான். அவனோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய வில்லன்கள்கூட வரிசையில் நின்று அழுதார்கள். பைண்டிங் செக்ஷனில் அதை மடித்த பொம்பளைகள், மடிக்க மடிக்க மூக்கைச் சிந்தினார்கள். கரிசல்பட்டிப் பக்கமெல்லாம் சாவு வீட்டுக்குப் போய் ஒரு நாழி உட்கார்ந்து எழுந்து வருவதைத் துட்டி கேட்பது என்பார்கள். நம் வீட்டுத் துட்டிக்கு வந்தவர் வீட்டுத் துட்டிக்கு நாம் போயே ஆகவேண்டும், அது எந்த ஊராயிருந்தாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாத வீடாயிருந்தாலும் சரி. அந்தக் கறுப்பு அட்டையை வாங்கிப் படித்த ஊர், தான் கடல் தாண்டிப் போய் அவன் வீட்டுத் துட்டி கேட்டுவிட்டு வந்ததாகவே மனசில் வைத்துக்கொண்டது.

பிறகு இந்தச் சித்திரையில் கரிசல்பட்டிக்குத் தெற்கே இருக்கிற பட்டாசு ஆலை வெடித்தது. நாலு பேர் உட்காரவேண்டிய, வெடிமருந்து நிரப்புகிற மருந்து அறையில், தீபாவளி ஆர்டரைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று முதலாளி பதினோரு பேரை உட்கார்த்தி வைத்திருந்தார். அது ஊருக்கே தெரியும், ஆலைக் காவலுக்கு நிற்கிற நாய்க்குக்கூடத் தெரியும். செத்துப்போன அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி பாண்டிமீனா, பைண்டிங்கில் வேலை பார்க்கிற சீனியம்மாளின் ஒரே மகள். பேப்பர்களில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. 'பாண்டிமீனா உட்படப் பதினோரு பேர்' என்று ஒன்றில், 'பெண்கள் உட்படப் பலர்' என்று இன்னொன்றில்.

காரியம் முடிந்து சீனியம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று, மடிப்பதற்கு அவள் முன்னால் வந்து விழுந்தது வானதீரனின் புது இதழ். அதில் அவன் நடுக்கடலில் ஒரு ராட்சச நண்டோடு சிரித்துக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சீனியம்மாள் அந்தப் பக்கத்தை மடிக்காமல் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு யாரிடமும் இல்லாமல், சத்தமாகவும் இல்லாமல், "இவன் வீட்டுத் துட்டிக்கு நாம போனோம். நம்ம வீட்டுத் துட்டிக்கு இவன் வரலியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையில் வந்து இறங்கிவிட்டான்.

ஊர் அவனை ஏற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் சால்வை போட்டார், அது தோளில் நிற்காமல் வழுக்கியது. ஹோட்டல்காரர் இட்லி கொண்டுவந்தார், அவன் தொடவில்லை. அவன் சாப்பிடுகிற மாதிரி யாரும் இதுவரை வரைந்ததில்லை. "அன்பர்களே, கலங்க வேண்டாம், நான் வந்துவிட்டேன்" என்று அவன் திருவாய் மலர்ந்தபோது கூட்டம் கை தட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அன்னக்கனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் எழுதிய வாக்கியம். இரண்டு கமாவோடு, அவள் எழுதியபடியே.

"உன் ஆளு வந்துட்டானேடி" என்று பக்கத்தில் நின்ற செய்யதம்மாள் அவள் இடுப்பில் இடித்தாள். செய்யதம்மாள் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் மைதீன் பிச்சை சைக்கிளில் டீ கேனைக் கட்டிக்கொண்டு அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் டீ ஊற்றுகிறவர். வெடித்த அன்று ஆலை வாசலில் நின்றிருந்தவர், உள்ளே ஓடிப் பக்கத்து அறையிலிருந்து மூன்று பேரை வெளியே இழுத்துப் போட்டு, கையெல்லாம் வெந்து இன்னும் கட்டோடு அலைகிறார். அன்னக்கனிக்கு அவர் மைதீன் அண்ணன். புருஷன் போன பிறகு அவளுடைய கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பதிலிருந்து ரேஷனுக்கு வரிசை நிற்பதுவரை எல்லாம் அவர்தான்.

வானதீரன் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, வெடித்த ஆலைப் பக்கம் போனான். ஊரும் பின்னாலேயே போனது. அங்கே விசாரணைக்கு வந்த அதிகாரிகளுக்கு மைதீன் பிச்சை கட்டுப் போட்ட கையால் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தாடி. தலையில் வெள்ளைத் தொப்பி. சுற்றிலும் கரிந்த செங்கல். வானதீரன் ஒரு கணம் அந்தரத்தில் நின்றான். பிறகு அவன் வலது கை தானாக நீண்டு மைதீன் பிச்சையின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, டீ கேன் ஒரு பக்கம் உருள, அவரை ஆலைக்குப் பக்கத்தில் நிற்கிற மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி உயரத்துக்குத் தூக்கியது. தூக்கிவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, தேன் சொட்டுகிற குரலில் சொன்னான்: "அஞ்சாதே சகோதரா. உன்மேல் எனக்குப் பகையில்லை."

"பகையில்லேன்னா எறக்கி விடுப்பா!" என்று மைதீன் பிச்சை மேலேயிருந்து கத்தினார். அவன் இறக்கிவிடவில்லை.

அன்றைக்கும் இறக்கவில்லை, மறுநாளும் இறக்கவில்லை. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது, பழகாமல் என்ன செய்யும்? தண்ணீர்த்தொட்டி ஏணியில் ஏறி நின்று கம்பில் கட்டித் தூக்குவாளியை நீட்டினால் மைதீன் பிச்சைக்கு எட்டும் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் இட்லி, மத்தியானம் செய்யதம்மாள் கட்டிக்கொடுத்த சோறு, சாயங்காலம் அவர் கேன் டீயே அவருக்கு. வெயிலுக்கு ஒரு குடை போயிற்று. மற்ற அவசரங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி போயிற்று, அந்த நேரத்தில் கீழே நிற்கிறவர்கள் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள். செய்யதம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அழுதாள். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகவே பேசினார். "கைது நாங்க பண்ணலம்மா. பண்ணியிருந்தாத்தானே ஜாமீன்னு ஒண்ணு இருக்கும்? தரையில இருந்தாலாவது ஏதாவது பண்ணலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதலில் எல்லோரும் மைதீன் பிச்சைக்காகப் பரிதாபப்பட்டார்கள், அது உண்மை. ஆனால் ஒரே காட்சியை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தால் கண் அதற்குக் காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறது. நீலச் சட்டைக்காரன் பிடித்திருக்கிறான், தாடிக்காரர் தொங்குகிறார். இதே படத்தைத்தான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறார்கள். "காரணமில்லாமலா பிடிப்பான்?" என்று சலூனில் ஒருத்தர் ஆரம்பித்தார். "வெடிக்கிற அன்னைக்குக் கரெக்டா வாசல்ல நின்னாராமே" என்றார் இன்னொருத்தர். தினமும் அந்த நேரத்துக்கு அந்த வாசலில் அந்த மனுஷனிடம் டீ குடித்தவர்தான் இப்படிச் சொன்னார். ஆலை முதலாளி வெள்ளை வேட்டியில் காரில் வந்து இறங்கி, வானதீரனை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் பேப்பரில், இதுவரை உள்பக்கத்தில் கிடந்த செய்தி முன்பக்கத்துக்கு வந்தது: 'பட்டாசு ஆலை வெடிப்பில் சதியா?' மருந்து அறையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அடுத்தாற்போல முதலாளியின் மேனேஜர் மைக் செட்டோடு வந்து தண்ணீர்த்தொட்டி அடியில் நின்றார். "மைதீன் பாய், கேட்குதா? கடைசிப் பக்கத்துல வில்லன் தப்பை ஒத்துக்குவான், தீரன் எறக்கி விட்டுருவான். எல்லாக் கதையிலயும் அதான முறை? நீங்களும் ஒத்துக்கிட்டா சோலி முடிஞ்சுது. வக்கீல் செலவெல்லாம் முதலாளி பாத்துக்குவாரு."

"என்னத்த ஒத்துக்கச் சொல்லுதீரு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "நான் டீ ஊத்துனேன். இஞ்சி தட்டிப் போட்டேன். அத வேணா ஒத்துக்கிடுதேன்."

கீழே நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் குரல் முன்னைப் போல இல்லை என்பது செய்யதம்மாளுக்குத் தெரிந்தது. நேரே அன்னக்கனி வீட்டுக்குப் போனாள். அழவில்லை, சண்டைக்கே போனாள்.

"ஏ அன்னம், அந்த மனுஷன் இன்னும் ரெண்டு நாள் தாங்க மாட்டாரு. கை சீழ் வச்சிருச்சு. உயிரு போனாலும் சரி, விட்டா போதும்னு நாளைக்கு ஒத்துக்கிடுவாரு. ஒத்துக்கிட்டா தூக்குதான். நீ என்னடி பண்ணப்போறே?"

"நான் என்னடி பண்ணுவேன்?"

"அவன் பேசுறது உன் பேச்சுத்தான?"

"பேச்சு என்னோடது. கை என்னோடது இல்லையே."

இத்தனை வருஷம் பலூனைத்தான் கழுவிக் கழுவி வைத்திருக்கிறோம், அதற்குக் கீழே கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது என்று நினைக்க அன்னக்கனிக்கு ஆங்காரமாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்கு நடந்தாள்.

முதலில் அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். பழைய படம் ஒன்றை எடுத்து, காலரைப் பிடித்திருக்கிற படம்தான், பலூனில் 'இதோ, இவரை விடுவிக்கிறேன்' என்று புதிதாக எழுதி ஒரு தாள் அச்சடிக்கச் சொன்னாள். மை காய்வதற்குள் தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து ஆள் ஓடி வந்தான். "அக்கா, 'இதோ, இவரை விடுவிக்கிறேன்'னு சொல்லுதான்க்கா!"

"விட்டானா?"

"இல்ல. சொல்லிக்கிட்டே இன்னும் இறுக்கிப் பிடிக்கான்."

அப்படியென்றால் பேச்சைப் புதிதாக அடித்தால் பேசுவான், படத்தைப் புதிதாக அடித்தால் அந்தப் படம் செய்வதைச் செய்வான். ஆக வேண்டியது கை காலியாக இருக்கிற ஒரு படம். அன்னக்கனியும் அண்ணாச்சியும் குடோனைத் திறந்து, பழைய இதழ்களையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தார்கள். அடேயப்பா, அந்த மனுஷனுக்கு எத்தனை கை! குத்துகிற கை, பிடிக்கிற கை, கழுத்தை நெரிக்கிற கை, எங்கேயோ சுட்டிக்காட்டுகிற கை. பூங்கொத்து வாங்கும்போதுகூட இன்னொரு கை முஷ்டியாக இருந்தது. தூங்குகிற படத்தில்கூட முஷ்டி. "ஒருநாக்கூட சும்மா இருக்க விடலியே பாவிப் பயலுக" என்றார் அண்ணாச்சி, கடைசியில் அவனுக்காகவே வருத்தப்பட்டு.

ஒரே ஒரு பக்கத்தில்தான் அவன் கை இரண்டும் காலியாக இருந்தன. கறுப்பு அட்டை இதழில். இடிபாட்டுக்கு நடுவே மண்டியிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற பக்கம். மேலே புகை மூடிய பெரிய வானம், ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சின்ன பலூன். அதில் இங்கிலீஷில் 'ஏன்?' என்று மட்டும் இருந்தது.

"இதை அப்படியே அடிச்சிரலாம்" என்றார் அண்ணாச்சி.

"அப்படியே அடிச்சா இது அவன் வீட்டுச் சாவு அண்ணாச்சி. அழறதுக்கு அவன் ஊருக்குத்தான் பறப்பான், மைதீன் அண்ணனையும் தூக்கிட்டு. நம்ம வீட்டுச் சாவுன்னு அவன் வாயாலேயே சொல்லணும். பேரு போடணும்."

பதினோரு பேர். பலூன் இருக்கிற இருப்புக்கு இரண்டு பெயர் கொள்ளும். தமிழ் எப்போதுமே இங்கிலீஷ் பலூனுக்குள் அடங்காது, அன்னக்கனி தினமும் கட்டி அழுகிற சங்கடம் அது. எழுத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி ஆயிற்று, ஒன்றும் படிக்க முடியவில்லை. அண்ணாச்சி வழுக்கைத் தலையைத் தடவினார். "ரெண்டு பேரைப் போட்டு, 'உட்படப் பலர்'னு போட்டுருவமா?"

படியில் நின்றுகொண்டிருந்த சீனியம்மாளை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கீழே பைண்டிங்கிலிருந்து ஏறி வந்திருந்தாள். "எம்மக பலர் இல்ல அண்ணாச்சி" என்றாள். "மாடத்தி மகளும் பலர் இல்ல. யாரும் பலர் இல்ல."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். படத்தில் ஒரு கோடு மாறினால் ஒப்பந்தம் ரத்து, ஒப்பந்தம் ரத்தானால் பவழமணி காமிக்ஸ் இல்லை, அவர் அப்பா வைத்த பெயர். "எழவு, போனாப் போகுது" என்றார். "பலூனை விட்டு வெளியே எழுதும்மா. வானத்துல எழுது. அவ்வளவு பெரிய வானத்தை என்னத்துக்குச் சும்மா விட்டு வச்சிருக்கான்?"

அன்னக்கனி எழுதினாள். கம்ப்யூட்டரில் அடிக்காமல் கறுப்பு மையைத் தொட்டுத் தன் கையாலேயே, அந்தப் புகை மூடிய வானத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை பெரிசு பெரிசாக எழுதினாள். சீனியம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.

மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே செய்யதம்மாள் ஏற்பாடுகளில் இறங்கிவிட்டாள், ஏனென்றால் கையால் முகத்தைப் பொத்துகிறவன் காலரை விட்டுவிடுவான் என்பதும், விட்டால் புருஷன் எங்கே வந்து விழுவார் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லாரி செட்டிலிருந்து தார்ப்பாய் வந்தது. மற்றப் பட்டாசு ஆலைப் பொம்பளைகள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள், சலூனில் 'காரணமில்லாமலா' என்று ஆரம்பித்த ஆளும் வந்து ஒரு முனையைப் பிடித்தார். மேனேஜர் மட்டும் மைக்கில், சட்டம் ஒழுங்கு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மைக்கை யாராவது புடுங்குங்களேன்" என்று ஒரு குரல் கேட்டது, மைக் நின்றது.

அச்சகத்தில் முதல் தாள் வெளியே வந்தபோது உச்சி வெயில். தண்ணீர்த்தொட்டி உயரத்தில் வானதீரன் ஒரு முறை தலையைக் குலுக்கினான். அவன் இடது கை எழுந்து முகத்தின் பாதியை மூடியது. வலது கை கொஞ்சம் யோசித்தது, அத்தனை வருஷப் பழக்கம், லேசில் விடுமா? விரல் ஒவ்வொன்றாகத் திறந்தது. மைதீன் பிச்சை குடையோடு விழுந்தார். தார்ப்பாய் ஒரு தடவை பூமிவரை தாழ்ந்து மேலே எழுந்தது, அவரும் அதோடு ஒரு தடவை எழும்பி விழுந்தார். செய்யதம்மாள் ஓடிப்போய், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மேல போயிருவீகளோ?" என்று ஏசினாள். பிறகு அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு கோவென்று அழுதாள்.

வானதீரன் தண்ணீர்த்தொட்டிக்கு அப்பால், கரிந்த செங்கல் குவியலில் வந்து மண்டியிட்டான். முதன்முதலாக அவன் உடம்பு மண்ணில் பட்டது. நீலக் கால்சட்டையில் கரி ஒட்டியது. முகத்தைப் பொத்திக்கொண்டே சொன்னான். "பாண்டிமீனா. குருவம்மாள். சங்கரேஸ்வரி. பூமாரி. அழகுராணி. சுப்புத்தாய். ராக்கம்மாள். அந்தோணியம்மாள். மகாலிங்கம். முனீஸ்வரி. வீரபுத்திரன்." ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு இடத்தில் ஓர் ஆள் குனிந்தார். பேப்பரில் பலராகக் கிடந்தவர்கள் ஒவ்வொருத்தராக ஊருக்குத் திரும்பி வந்தார்கள். அவன் விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது, அதில் அச்சு மை மணத்தது.

பெயர்கள் முடிந்தன. பக்கத்தில் அதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அவன் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான், கண் சிவந்திருந்தது. அன்னக்கனி எழுதாத பேச்சை, அவளுடைய தமிழில்கூட இல்லாமல், இத்தனை நாள் கீழே நின்று பேசியவர்களைக் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்ட தமிழில் பேசினான்.

"யாரு பண்ணுனது? காட்டுங்க."

நடப்பதைப் பார்க்க வந்திருந்த முதலாளியின் கார் ரோட்டோரம் நின்றது, முதலாளி அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு விரல் நீண்டால் போதும். அவ்வளவு பேர் கையும் அரிக்கத்தான் செய்தது. அன்னக்கனியின் கையே பாதி எழுந்துவிட்டது, அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். காட்டுகிற உரிமை அவளுக்குத்தான் முதலில்.

சீனியம்மாள் முதலாளியைப் பார்த்தாள், ஆற அமரப் பார்த்தாள். பிறகு அவள் செங்கல் குவியலில் ஏறிப்போய், வானதீரனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஆளை நாங்க பாத்துக்கிடுவோம்யா. கோர்ட்டு இருக்கு, கலெக்டர் ஆபீஸ் இருக்கு, நாங்க இத்தனை பேரு இருக்கோம். உன் கையில குடுத்தா நாளைக்கு இன்னொரு மைதீனைத்தான் தூக்குவே" என்றாள். "நீ துட்டிக்கு வந்தவன். எம்மக பேரை இன்னொருக்கச் சொல்லு."

மைதீன் பிச்சையை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஊர் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் நடக்க ஆரம்பித்தது. மருந்து அறைக்கு எத்தனை டீ போயிற்று, அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல அவர்தான் முதல் சாட்சி. கார் கிளம்பப் பார்த்தது, முன்னால் அத்தனை ஜனமும் போனதால் அதுவும் பின்னாலேயே ஊர்ந்து போகவேண்டியதாயிற்று. செங்கல் குவியலில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"பாண்டிமீனா" என்றான் வானதீரன்.

சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு தோளும் குலுங்க அழுதாள்.